ஆண்டவருக்கு என் மனசு தெரியும்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாகப்பிரிவினைப் பேச்சின் நடுவில் வரும். மருமகளைப் பேசிய பேச்சை யாராவது சுட்டிக்காட்டும்போது வரும். சபைக் கணக்கில் ஒரு வவுச்சரைக் காணோமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டுத் தொலைத்தால் கண்டிப்பாக வரும். சொல்பவரின் குரல் அப்போது லேசாக உடையும். பைபிள் பக்கத்தில் இருந்தால் கை அதன் மேல் போகும். "ஆண்டவருக்கு என் மனசு தெரியும்." அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் கேட்பவன் இரக்கமில்லாதவன்.

எனக்கு இந்த வாக்கியத்தோடு ரொம்ப நாளாகச் சண்டை. பக்தியின் உச்சம்போல ஒலிக்கிறது, ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள். கேட்ட கேள்வி கையைப் பற்றியது, வந்த பதில் மனசைப் பற்றியது. பணம் எங்கே என்று கேட்டால் நோக்கம் நல்லது என்கிறார். கேட்டவர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பதில் மேலே போகிறது. வழக்கை இங்கிருந்து வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றியாயிற்று. அங்கே நீதிபதியும் அவரே, ஒரே சாட்சியும் அவரே. சம்மன் அனுப்ப நம்மால் முடியாது.

கடவுள் இருக்கிறாரா என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை. இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். மனசும் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. உங்கள் மனசு உங்களுக்குத் தெரியுமா?

நோக்கம் என்ற விஷயத்தைக் கிறிஸ்தவ மரபில் அகஸ்டினைப்போல் தோண்டிப் பார்த்தவர்கள் குறைவு. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற ஊரில், பதினாறு வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேரிக்காய் மரத்தை மொட்டையடித்துவிட்டு வருகிறார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பேரிக்காய் இருந்தது. பறித்ததைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, ஆயராக உட்கார்ந்து 'ஒப்புக்கொள்ளல்கள்' எழுதும்போது அந்த இரவை எடுத்து வைத்துக்கொண்டு ஏன் செய்தேன், ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார். தடுக்கப்பட்டது என்பதாலா? கூட்டம் இருந்ததாலா? தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேனே என்று ஒரு இடத்தில் நிற்கிறார். அதிலும் திருப்தியில்லாமல் மேலே போகிறார். அடிமட்டத்தை அவர் தொடவே இல்லை என்பதுதான் என் வாசிப்பு. ஒரு மரத்துப் பேரிக்காய்க்கே அவ்வளவு பெரிய மூளைக்கு நோக்கம் பிடிபடவில்லை. நம் அண்ணாச்சி மூன்று சென்ட் நிலத்தை வளைத்ததற்கான நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

அந்தப் பகுதியில் வேறொன்றும் என்னை உறுத்தும். மரத்துக்கு உரியவன் யார்? பெயர் இல்லை, முகம் இல்லை. காலையில் வந்து மொட்டை மரத்தைப் பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. காசு கொடுத்ததாகத் தகவல் இல்லை. பாவம் செய்தவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் நடக்கும் அந்த மாபெரும் உரையாடலில் பேரிக்காய்க்காரனுக்கு நாற்காலியே போடப்படவில்லை. நம் சாட்சிக் கூட்டங்களின் வார்ப்பு அங்கேயே இருக்கிறது என்று அகஸ்டினைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே ஆள் பின்னாளில் மசெதோனியுஸ் என்ற ரோம அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார்: எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனந்திரும்பவில்லை, நடிக்கிறான், கொடுக்காதவரை மன்னிப்பும் இல்லை. சுற்றி வளைக்கவே இல்லை. நம் பிரசங்கங்களில் முதல் அகஸ்டின் வருவார், அம்மா மோனிக்காவின் கண்ணீர் வரும். இந்த இரண்டாவது அகஸ்டினை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

1656, 57இல் பாஸ்கல் எழுதிய 'மாகாணக் கடிதங்கள்' இதே விஷயத்தின் வேறொரு முனை. ஏழாவது கடிதத்தில் அவர் கிண்டலடிப்பது 'நோக்கத்தைத் திருப்பிவிடுதல்' என்ற உத்தியை. அன்றைய சில யேசு சபை அறநெறியாளர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பழிவாங்குவது பாவம். ஆனால் மானத்தைக் காத்துக்கொள்வது பாவமில்லை. ஆகவே வாளை உருவும்போது மனசைப் பழியிலிருந்து எடுத்து மானத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். குத்து அதே குத்து, செத்தவனும் அதே ஆள், பாவம் மட்டும் காணாமல் போய்விடும். பாஸ்கல் எதிராளிகளிடம் நியாயமாக நடக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. நல்ல சண்டைக்காரர்கள் யாருமே முழு நியாயமாக நடப்பதில்லை. திருச்சபை அந்தக் கடிதங்களைத் தடைப் பட்டியலில் போட்டது. ஆனால் 1679இல் போப் பதினோராம் இன்னசென்ட் இப்படிப்பட்ட தளர்ந்த அறக் கருத்துகளில் 65ஐக் கண்டித்து அறிவிக்கவும் வேண்டியிருந்தது.

பாரிஸ் கனவான்களின் வாள் சண்டை நமக்கெதற்கு என்று தோன்றுகிறதா? திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்யாணப் பேச்சில் போய் உட்காருங்கள். பேச்சு ஜெபத்தில் ஆரம்பிக்கும். காப்பி வரும். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: "எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம் கேட்டேளா. உங்க பொண்ணுக்கு நீங்க ஆசைப்பட்டுச் செய்யத நாங்க வேண்டாம்னு சொல்ல முடியுமா?" பெண்ணின் அப்பா ஒரு எண்ணிக்கை சொல்வார். ஒரு மௌனம். பிறகு மாப்பிள்ளையின் மாமா, இதற்கென்றே கூட்டி வரப்பட்டவர், "இவருடைய தம்பிக்கு நூத்தி ஒண்ணு போட்டாவ, சும்மா சொல்லுதேன்" என்பார். சும்மாதான் சொல்கிறார். எண்ணிக்கை ஏறும். ஜெபத்தில் முடியும். 1961ஆம் வருடத்து வரதட்சணைத் தடைச் சட்டம் அந்த அறையில் யாருக்கும் தெரியாததல்ல. அதற்காகத்தான் 'கேக்கல' என்ற வார்த்தை அவ்வளவு கவனமாகப் பயன்படுகிறது. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் செய்தார்கள். ஆண்டவருக்கு எங்கள் மனசு தெரியும். நோக்கத்தை இதைவிட லாவகமாகத் திருப்பிவைக்க அந்தக் காலத்து யேசு சபைப் பண்டிதர்களுக்கும் வந்திருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சீதனத்தின் வால் சொத்துரிமையில் இருக்கிறது. 1916இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதற்குப் பெயர் ஸ்திரீதனம். அதைக் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோகூட, மகளுக்கு அதற்கு மேல் உரிமையில்லை. சொல்லியிருந்தால் போதும் என்பதைக் கவனியுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. நம் தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பங்களில் "அவளுக்குக் குடுத்தாச்சே" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் தன் சகோதரனுக்கு எதிராக இதே விஷயத்துக்காக உச்ச நீதிமன்றம் போனார். அருந்ததி ராயின் அம்மா என்று சொன்னால் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குச் சட்டென்று தெரியும். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1951லிருந்தே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உடனே எழுந்த கூச்சலின் சாரம் என்ன? குடும்பங்கள் உடைந்துவிடும். முப்பத்தைந்து வருடத்துப் பத்திரங்களெல்லாம் என்னாவது? சகோதரன் மீது சகோதரி வழக்குப் போடுவதா? சபைகளிலிருந்தும் அந்தக் குரல் கேட்டது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ சபைகளில் ஸ்திரீதனத் தொகையில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கட்டும் வழக்கமே இருந்திருக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்ததில் சபைக்குக் கமிஷன். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மேரி ராய் கோபத்தில்தான் வழக்குப் போட்டார், அண்ணன் மேல் இருந்த வன்மத்தில்தான், பெண்ணுரிமையெல்லாம் பிறகு வந்த பேச்சு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டுமே. எந்த மனநிலையில் படியேறினார் என்பதைப் பொறுத்து அவருக்குரிய பங்கு கூடவோ குறையவோ போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அண்ணன்மாரின் செயலை நோக்கத்தை வைத்து எடைபோடு என்கிறவர்கள், தங்கையின் நியாயத்தையும் நோக்கத்தை வைத்தே எடைபோடச் சொல்கிறார்கள். அவனுக்கு நல்ல மனசு, விட்டுவிடு. இவளுக்குக் கெட்ட மனசு, கொடுக்காதே. இரண்டு பக்கமும் தராசு ஒரே ஆளுக்குச் சாயும்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த தலைமுறை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பெயரை எவன் வைத்தானோ தெரியாது, மோசேயே வந்து எகிப்திலிருந்து கூட்டிப் போவதுபோல் இருக்கிறது. அப்பா போன வருடத்துக்குள் தங்கை லீவு போட்டு ஊருக்கு வருவாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழல். கட்டைவிரல் ரேகை, போட்டோ, கையெழுத்து. மத்தியானம் நல்ல சாப்பாடு. "சந்தோஷமாத்தான் போட்டா" என்று அண்ணன் சொல்வார். சந்தோஷமாக இல்லை என்று எந்தத் தங்கை சொல்ல முடியும், அம்மா அந்த அண்ணன் வீட்டில் இருக்கும்போது? பிரசவத்துக்கு வந்து நிற்க அந்த வாசல்தானே? அவளுடைய மனசும் ஆண்டவருக்குத் தெரியுமே, அதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை?

இனி சாட்சிக் கூட்டம். பெந்தெகொஸ்தே சபைகளில் மட்டும் இருந்த இந்த வழக்கம் இப்போது எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. கன்வென்ஷன் பந்தல், டியூப்லைட், பெண்கள் ஒரு பக்கம் ஆண்கள் ஒரு பக்கம். மைக்கைப் பிடித்தவர் தன் பழைய வாழ்க்கையைச் சொல்வார். சிகரெட், பிராந்தி, சினிமா, சீட்டு. பிறகு ஒரு ராத்திரி, ஒரு விபத்து, ஒரு பாட்டு, ஒரு வசனம். அதற்குப் பிறகு வேலை, வீடு, கார். கூட்டம் "ஸ்தோத்திரம்" என்கும். இப்படி நூறு கேட்டிருப்பேன். அதில் ஒன்று போகமாட்டேன் என்கிறது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர், எந்தச் சபை எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை, குடித்துவிட்டு வந்து மனைவியை எப்படியெல்லாம் அடித்தார் என்று விவரமாகச் சொன்னார். ஒரு தடவை சுடுகஞ்சிப் பானையைத் தள்ளிவிட்டதைச் சொன்னார். சொல்லும் விதத்தில் ஒரு சுவாரசியம் இருந்தது. ஜனம் சில இடங்களில் சிரிக்கவும் செய்தது. அந்த அம்மா மூன்றாவது வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் யாரும் மைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்ற யோசனைகூட அங்கே யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அடி வாங்கியதும் அவர், இப்போது அந்தக் கதையால் ஊர் முன்னால் கூசி உட்கார்ந்திருப்பதும் அவர். அடித்தவருக்கு ஸ்தோத்திரம்.

இந்தச் சாட்சிகளில் வராத பாவங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். சீதனம் வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு சாட்சி கேட்டதுண்டா? தங்கையிடம் கையெழுத்து வாங்கினேன், ரத்து செய்துவிட்டேன்? பக்கத்துத் தெரு ஆட்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கமாட்டேன் என்று சாதி பார்த்துச் சொன்னேன், போய்க் காலில் விழுந்தேன்? வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு எட்டு வருடமாக ஒரே சம்பளம் கொடுத்தேன்? சிகரெட்டும் சினிமாவும்தான் மேடைக்கு வரும். அவற்றை விட்டால் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. விடுவதால் நமக்குத்தான் காசு மிச்சம்.

இளைஞர் ஐக்கியங்களில் இப்போது 'அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர்' என்று ஒரு ஏற்பாடு. வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். தியான நேரம் தவறியதா, போனில் கண்டதைப் பார்த்தாயா, இந்த இரண்டையும் தாண்டிக் கேள்வி போவதை நான் பார்த்ததில்லை. பொண்ணு பார்க்கப் போனாயே, அங்கே உன் அப்பா என்ன பேசினார், நீ வாயைத் திறந்தாயா? இந்தக் கேள்வியை எந்தப் பார்ட்னரும் கேட்கமாட்டான். அவனுக்கும் அடுத்த மாசம் பொண்ணு பார்க்கப் போக வேண்டியிருக்கிறதே.

இந்த ஆங்கில வார்த்தை வருவதற்கு முன்னால் தமிழ் வேதாகமத்தில் ஒரு அருமையான சொல் இருந்தது. உக்கிராணக்காரன். பண்டசாலையைப் பார்த்துக்கொள்பவன். லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் எஜமான் அவனைக் கூப்பிட்டு உக்கிராணக் கணக்கைக் கேட்கிறான். அரிசி எத்தனை, எண்ணெய் எத்தனை என்கிற கணக்கு. உன் மனசு எப்படியிருந்தது என்று அந்த எஜமான் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது நம் சபைகளில் உக்கிராணத்துவ ஞாயிறு என்று ஒன்று வருகிறது. அன்றைக்கு நடப்பது தசமபாகம் கொடுக்காதவர்களைத் திட்டுவது.

ஆதாரப் புத்தகத்துக்கே போவோம். அண்ணாச்சிமார் கை வைத்துச் சத்தியம் செய்யும் அதே புத்தகம். லேவியராகமம் ஆறாம் அதிகாரம்: அயலானை ஏமாற்றி எடுத்தவன் முதலையும் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியின் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் மனிதன், பிறகு பலிபீடம். மத்தேயு ஐந்தில் இயேசு இதையே எடுத்து இன்னும் இறுக்குகிறார். பலிபீடத்துக்கு வந்தபின் உன்மேல் ஒருவனுக்குக் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போ என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் எருசலேமில். நடந்தால் மூன்று நாளாவது ஆகும். ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டு மூன்று நாள் திரும்பி நடந்து, சகோதரனோடு சரிசெய்து, மறுபடி மூன்று நாள் நடந்து வர வேண்டும். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், அல்லது வயிற்றைக் கலக்கியிருக்கும். 'உனக்கு அவன்மேல் குறை இருந்தால்' என்று அவர் சொல்லவில்லை என்பதும் முக்கியம். உன்மேல் அவனுக்கு. அளவுகோல் எதிராளியின் கையில் இருக்கிறது, நம் மனசில் இல்லை.

சகேயுவைப் பற்றி ஞாயிறு பள்ளியில் என்ன கற்றுக்கொண்டோம்? குள்ளமானவன், மரத்தில் ஏறினான், இறங்கி வந்தான். பிள்ளைகளுக்கு மரம் பிடிக்கும், சரி. பெரியவர்களுக்குமா மரத்தோடு நிறுத்த வேண்டும்? இறங்கி வந்தவன் சொன்னது ஒரு கணக்கு. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு. பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எட்டு லட்சம் சொத்து என்றால் நாலு லட்சம் முதலிலேயே போய்விடும். மிச்சம் நாலு. ஏமாற்றியது ஒரு லட்சம் என்றால் அதன் நாலு மடங்கில் அந்த நாலும் தீர்ந்தது. அதாவது எட்டில் ஒரு பங்குக்கு மேல் முறைகேடாகச் சம்பாதித்திருந்தால் ஆள் தெருவில் நிற்க வேண்டும். ரோமுக்கு வரி வசூலித்தவன் எட்டில் ஒரு பங்கோடு நிறுத்தியிருப்பானா? அவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ன, தொழிலே அதுதானே. இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொன்னது மரத்தடியில் இல்லை, இந்த எண்களைக் கேட்டபிறகு.

இதற்கு மறுப்பாக வருவது எப்போதும் தாவீதுதான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகக் கொடுத்துவிட்டு, தேவனுக்கு மாத்திரமே விரோதமாகப் பாவம் செய்ததாக 51ஆம் சங்கீதத்தில் சொல்கிறானே, ஆகவே கணக்கு மேலே மட்டும்தான் என்பார்கள். உரியாவின் பிணத்தை வைத்துக்கொண்டு இப்படிப் பேச ஒரு நெஞ்சுரம் வேண்டும். நாத்தான் தீர்க்கதரிசி என்ன செய்தார் என்று பாருங்கள். ராஜாவே உன் உள்ளம் எப்படி என்று விசாரிக்கவில்லை. ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் எடுத்துக்கொண்ட கதையைச் சொல்கிறார், தாவீதின் வாயிலிருந்தே தீர்ப்பு வருகிறது: சாக வேண்டியவன், நாலு மடங்கு கொடுக்க வேண்டும். சகேயுவின் அதே நாலு. அந்தச் சங்கீதத்தை நான் மறுக்கவில்லை. நாத்தான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பாடப்படும் சங்கீதத்தைத்தான் மறுக்கிறேன்.

கத்தோலிக்கர்கள் இதை வாசித்துவிட்டு, எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய் என்று உங்கள் மறைக்கல்வி நூலில் தெளிவாகவே இருக்கிறது. மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் நேராகப் பங்காளி வீட்டுக்குப் போனார்கள்? புராட்டஸ்டண்டுகள் நிலைமை இன்னும் வசதி. 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார். நியாயமான கோபம். காசால் மன்னிப்பு வாங்க முடியாது என்றார். நாம் இடைத்தரகரை நீக்கியதோடு பில்லையும் கிழித்துப் போட்டுவிட்டோம்.

இதெல்லாம் தனிமனித விவகாரம் என்று விட்டுவிட முடியாது. நிறுவனங்களுக்கும் நல்ல மனசு உண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவில் வரைபடத்திலேயே இரண்டு கால் பிரிந்தது. ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு நடைகள், நடுவில் சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் முதலான மற்றவர்கள். நற்கருணை ஒன்று, கல் வேறு. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் படிக்க வேண்டும். கட்டியவர்கள் கொடூரர்கள் இல்லை. சமாதானத்துக்காகக் கட்டினார்கள், மந்தை சிதறாமல் இருக்கக் கட்டினார்கள். 1910இல் கௌசானல் என்ற பாதிரியார் சுவரை இடித்தார். இடித்ததை எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். நோக்கம் சமாதானம் என்றே இருக்கட்டும், அந்த முப்பத்தெட்டு வருடங்களுக்குக் கணக்கு யாரிடம்? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை இல்லை. அது அநீதி, அதை எதிர்த்துச் சபைகள் டெல்லிவரை போவது சரியே. மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்பதுதான் அங்கே வாதம். ஊருக்குத் திரும்பி வந்து சபைக்குள் யாராவது அதே வாக்கியத்தைச் சொன்னால், "கிறிஸ்துவுக்குள் சாதி ஏது பிரதர்" என்ற பதில் வரும். அரசாங்கத்திடம் கேட்கும் கணக்கை ஆயர் மன்றத்தில் கேட்டால் ஐக்கியத்தைக் கெடுக்கிறவன்.

'நியாயந்தீர்க்காதே' என்று ஒரு வசனம் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்துவீர்கள். இருக்கிறது. யாருடைய ஆத்துமா எங்கே போகும் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, எனக்கு அதில் ஆர்வமும் இல்லை. மூன்று சென்ட் யாருடையது என்றுதான் கேட்கிறேன். அதற்குத் தாய்ப்பத்திரம் போதும், ஞான திருஷ்டி வேண்டாம். இன்னொரு பதிலும் வரும், எனக்கு அதுதான் அதிக அருவருப்பு: "ஆண்டவரே மன்னிச்சிட்டார், நீ யாரு மன்னிக்காம இருக்க?" அடிபட்டவரைப் பார்த்து அடித்தவர் சொல்வது இது. சில நேரம் அடித்தவர் சார்பில் பாஸ்டர் சொல்வார், அதுவும் குடும்ப ஆலோசனை என்ற பெயரில், மனைவியைத் தனியே உட்கார வைத்து. மன்னிக்காவிட்டால் அவளுடைய ஜெபம் கேட்கப்படாது என்று கூடுதலாக ஒரு பயமுறுத்தல். கடனை வாங்கியவனும் அவனுக்கு வேண்டியவனும் சேர்ந்து கடன்காரர் வீட்டுக்குப் போய் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்கு ஆலோசனை என்று பெயர்.

வாசிக்கிற உங்களில் பலருக்கு இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியிருப்பீர்கள், அல்லது கிறிஸ்துமஸுக்கு மட்டும் அம்மாவுக்காகப் போவீர்கள். ஆண்டவர் என்ற எழுவாயை எடுத்துவிட்டு 'என் இன்டென்ஷன் அது இல்ல' என்று இப்போது சொல்கிறீர்கள். அதே வாக்கியம்தான், ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. வீட்டில் நடந்த பாகப்பிரிவினையில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை, சரி, உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆனால் அந்த வீடு இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது. அத்தை சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறார். பெண்ணியப் புத்தகங்களை ஷெல்ஃபில் அடுக்கி வைத்திருக்கும் சுவர் அத்தையின் பங்கில் கட்டப்பட்டது.

இதைச் சரிசெய்ய இறையியல் படிக்க வேண்டாம். பத்திரம் எழுதுபவரிடம் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, இரண்டு பேருடைய ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போனால் செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பார். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. அப்பாவுக்கு மனசு வராது, அம்மா ஒரு வாரம் பேசமாட்டார். சித்தப்பா போனில் கூப்பிட்டு உன் நோக்கம் என்ன என்று கேட்பார். ரிஜிஸ்டர் ஆபீஸில் அரை நாள் ஆகும், டோக்கன் சீக்கிரம் எடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் முடியும். சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேரைக் கூட்டிப் போக வேண்டும்.